எய்ட்ஸ் மருந்தும் ரத்தமும்: எலிகளிடம் கண்டது

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



எய்ட்ஸுக்கு மருந்து சாப்பிட்டால் உடம்பிலுள்ள ரத்தம் சுண்டிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. வெறும் புரளி என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு மருந்தைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மருந்தின் பெயர் ஜிடோவுடின். ஏ.இசட்.டி. என்றும் சொல்வார்கள். 1964-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து விஞ்ஞானி ஜெரோம் ஹார்விட்ஸ் இதைப் புற்றுநோய்க்காகத் தயாரித்தார். சுண்டெலிகளிடம் சோதித்ததில் பயனில்லை. மருந்து மூலையில் கிடந்தது. எச்.ஐ.வி. கிருமியை இது தடுக்கிறது என்பது 1985-ல் தெரியவந்தது. 1987 மார்ச்சில் அமெரிக்க சர்க்கார் அனுமதி வழங்கியது. பொதுப் பணத்தில் பிறந்த இந்த மருந்துக்குக் கம்பெனி வைத்த விலையோ வருஷத்துக்கு 8,000 முதல் 10,000 டாலர் வரை! அது தனிக் கதை. நாம் ரத்தத்துக்கு வருவோம்.

கிருமி நம் உடம்பின் அணுவுக்குள் புகுந்து தன் மரபு இழையை நூற்கிறது. அந்த இழையில் சேர வேண்டிய சரக்கைப் போல வேஷம் போட்டுக்கொண்டு மருந்து உள்ளே நுழைகிறது. அது சேர்ந்த இடத்தில் அடுத்த சரக்கு ஒட்டாது, நூற்பு நின்றுவிடுகிறது. நல்லதுதான். ஆனால் இழை நூற்பது கிருமி மட்டுமா? நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று ஓயாமல், வினாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. அதற்கும் புது இழை வேண்டும். மருந்து அங்கேயும் இடைஞ்சல் செய்கிறது.

இதை எலிகளிடம் கண்கூடாகப் பார்த்தார்கள். நீண்ட நாள் கொடுத்தால் புற்றுநோய் வருமா என்று அறிய நடத்திய சோதனையில், சுண்டெலிகளுக்கு உடல் எடை கிலோவுக்கு தினம் 30, 60, 120 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் கொடுத்தார்கள். 90 நாளைக்குப் பிறகு அதை 20, 30, 40 என்று குறைக்க வேண்டியதாயிற்று. காரணம், ரத்த சோகை! பெரிய எலிகளுக்கோ 80, 220, 600 என்று கொடுத்தும், 600 பெற்ற கூட்டத்துக்கு மட்டுமே முதலில் 450 ஆகவும் பின்பு 300 ஆகவும் குறைத்தார்கள். சுண்டெலியும் பெரிய எலியும் பங்காளிகள்தான். ஒன்று தாங்குவதை மற்றொன்று தாங்கவில்லை. ஆகவே 'எலிக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று யாராவது சொன்னால், எந்த எலி, எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறைவது மட்டுமல்ல, இருக்கும் அணுக்கள் பருத்தும் போகின்றன.

மனிதரிடமும் இதுவே நடந்தது. 1987-ல் முடிவு வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 145 பேர் மருந்து பெற்றார்கள். 137 பேர் வெறும் மாத்திரை பெற்றார்கள். மருந்து பெற்றவர்களில் 100-க்கு 24 பேருக்கு ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே இறங்கியது. மற்றவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் அப்படி. பலருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் சாவுக் கணக்கையும் பாருங்கள்: வெறும் மாத்திரை பெற்றவர்களில் 19 பேர், மருந்து பெற்றவர்களில் ஒரே ஒருவர்! மருந்தைக் குப்பையில் போடுவதா? இல்லை, அளவைத்தான் குறைத்தார்கள். அன்று தினம் 1,500 மில்லிகிராம், பின்னாளில் 600.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எய்ட்ஸ் மருந்து இலவசம். தாம்பரம் முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலோருக்குக் கொடுப்பது வேறு மருந்துகள். ஜிடோவுடின் சிலருக்கே. நடவிலும் களையெடுப்பிலும் பாடுபடும் நம் பெண்களில் எத்தனையோ பேருக்கு மருந்துக்கு முன்பே ரத்த சோகை. அப்படிப்பட்டவருக்கு இந்த மருந்தைக் கொடுக்குமுன் ஹீமோகுளோபினைப் பார்த்தாக வேண்டும். கொடுத்த பிறகும் சில வாரங்களிலேயே திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நாள் கூலி போகிறதே என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள். எண்ணைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இளைப்போ மயக்கமோ வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து அங்கேயே இருக்கிறது.