மெஷின் 7 கிலோ, கொடி எத்தனை கிலோ?

இந்த எபிசோட்ல கோடிங், இன்டர்வியூ, ஏஐ எதுவும் கிடையாது. துணி துவைக்கற இடத்தை எப்படி ஒழுங்கா வச்சுக்கறதுன்னு பேசப் போறோம். சிரிக்காதீங்க, சீரியஸாதான் சொல்றேன்.

லாண்ட்ரி ரூம்னு யூடியூப்ல தேடிப் பாருங்க. வெள்ளை கபோர்டு, வரிசையா கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள்ள சோப்புத் தூள், மூலையில ஒரு மணி பிளான்ட். அந்த ரூம் சைஸ்ல நமக்கு இங்க ஒரு பெட்ரூம் கிடைச்சாலே பெருசு. சென்னை ஃபிளாட்ல நமக்குன்னு இருக்கறது கிச்சனுக்குப் பின்னாடி பில்டர் 'யூடிலிட்டி'ன்னு பேர் வச்ச நாலடிச் சந்து. மெஷின், தொடப்பம், தண்ணி கேன், பழைய பேப்பர் கட்டு எல்லாம் அதுக்குள்ளதான். பல வீட்ல அதுவும் இல்ல, மெஷின் நேரா பாத்ரூமுக்குப் போயிடுது. அதனால ஜாடி வாங்கற ஐடியாவை இப்போதைக்கு ஓரமா வச்சுடலாம்.

என் கருத்து இதுதான். நம்ம வீடுகள்ல பிரச்சனை துவைக்கறதுல இல்ல. காயப்போடறதுலதான் எல்லாம் சிக்குது. மெஷின் வாங்கும்போது 6 கிலோவா, 7 கிலோவா, எத்தனை ஸ்டார்னு நாலு கடை ஏறி இறங்குவோம். கொடி எத்தனை கிலோ தாங்கும்னு யாராவது கணக்குப் போட்டு வாங்கினோமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு லிட்டில்ஸ் லா ஞாபகம் இருக்கும். ஜான் லிட்டில் 1961-ல நிரூபிச்சது. ஒரு சிஸ்டத்துக்குள்ள சராசரியா எத்தனை பொருள் தேங்கி நிக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை உள்ள வருதோ, அதை ஒவ்வொண்ணும் உள்ள இருக்கற நாளோட பெருக்கினா வர்ற எண். அவ்வளவுதான்.

இதை எங்க வேளச்சேரி வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு உருப்படின்னு வச்சா தினம் 16. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை மட்டும் துவைச்சா ஒரு துணி அழுக்குக் கூடையில சராசரியா மூணரை நாள் கிடக்கும். கொடியில ஒண்ணரை நாள். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற பிளாஸ்டிக் சேர்ல மடிக்காம ரெண்டு நாள். மொத்தம் ஏழு நாள். 16-ஐ ஏழால பெருக்கினா 112. அதாவது எந்த நேரத்துல பார்த்தாலும் 112 துணி பீரோவுக்கு வெளியதான் இருக்கும். அதான் பீரோ நிறைய துணி வாங்கியும் போட்டுக்க சட்டை இல்லங்கறோம்.

இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள் துவைச்சா? கூடையில சராசரி ஒரு நாள், கொடியில ஒரு நாள், மடிக்க அரை நாள். ரெண்டரை நாள். வெளிய இருக்கறது 40 துணிதான்.

"தண்ணியும் கரண்ட்டும் யார் கட்டறது?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஜட்டியிலேர்ந்து ஜீன்ஸ் வரைக்கும் கலந்து ஒரு உருப்படிக்கு 200 கிராம்னு வச்சா, ரெண்டு நாள் துணி ஆறரை கிலோ கிட்ட வரும். 7 கிலோ மெஷினுக்கு அதுவே ஒரு லோடு. (அந்த 7 கிலோங்கறது காய்ஞ்ச துணியோட எடை, ஈரத் துணியோடது இல்ல.) வாரக் கடைசியில துவைச்சாலும் அதே மூணரை லோடுதான். செலவு ஒண்ணுதான். ஆனா ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல மூணரை லோடு வெளிய வருது, கொடியில இடம் இருக்கறது ஒரு லோடுக்கு. மிச்சம் கதவு மேல, ஜன்னல் கம்பியில, சோபா முதுகுல. கேட்டுட்டு அம்மா, "ஏன்டா, துணி காயப்போட ஒரு ஃபார்முலாவா?"ன்னாங்க. ஆனா செவ்வாய்க்கிழமையே மெஷினைப் போட்டுட்டாங்க.

இனி காயப்போடற இடம். சீலிங்ல மாட்டற, கயிறு இழுத்தா மேல போற ஹேங்கர் ரொம்ப நல்ல விஷயம், குறிப்பா முட்டி வலி, தோள் வலி இருக்கறவங்களுக்கு. ஈரப் போர்வையைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏற வேண்டாம். ஆனா கம்பியில சட்டையை விரிச்சுப் போட்டா ஒரு சட்டைக்கு ரெண்டடி போயிடும். ஆறடிக் கம்பியில மூணு சட்டை. அதையே ஹேங்கர்ல மாட்டி அஞ்சு அங்குல இடைவெளி விட்டா அதே கம்பியில 14 சட்டை நிக்கும். காய்ஞ்சதும் ஹேங்கரோடயே பீரோவுக்குப் போகும், மடிக்கற வேலை இல்ல. சுருக்கமும் கம்மி, அயர்ன்காரருக்குப் போற உருப்படியும் குறையும். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு செய்யறதா இருந்தா ரெண்டு டஜன் ஹேங்கர் வாங்குங்க.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கதை வேற. காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கும்போது துணியில இருக்கற தண்ணி எங்க போகும்? 2023 மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரில இருந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மழை நாள்ல வெயிலை நம்ப முடியாது, காத்தோட்டத்தைத்தான் நம்பணும். துணிக்கு நடுவுல இடைவெளி, பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன், கொஞ்சம் திறந்த ஜன்னல். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தின பெட்ரூம்ல காயப்போட்டா அந்த ஈரம் சுவருக்குப் போய் பூஞ்சையா திரும்பி வரும். முடிஞ்சா இன்னொரு ஸ்பின் போடுங்க. மெஷின் பிழியற தண்ணி கொடியில காய வேண்டிய தண்ணி இல்லையா. டாப் லோட் பொதுவா நிமிஷத்துக்கு 700 சுத்து பக்கம் சுத்தும், ஃப்ரன்ட் லோட் 1000-லேர்ந்து 1400 வரைக்கும். மெஷின் வாங்கப் போறவங்க ஸ்டாரைப் பார்க்கற மாதிரி இந்த நம்பரையும் பாருங்க. அப்புறம், துண்டுக்கு கண்டிஷனர் ஊத்தாதீங்க. வாசனையா இருக்கும், ஆனா தண்ணிய உறிஞ்சாது.

அந்தச் சந்துக்குள்ள என்ன எங்க இருக்கணும்னு ரொம்ப யோசிக்க வேண்டாம். மெஷினுக்கு மேல ஒரு ஷெல்ஃப், அதுல நீங்க உண்மையிலேயே யூஸ் பண்ற ரெண்டு மூணு டப்பா மட்டும். குழந்தை இருக்கற வீடுன்னா எட்டாத உயரத்துல. மெஷின் மேல எதையும் வைக்காதீங்க, அதுதான் மடிக்கற டேபிள். மெஷினுக்குத் தனி 16 ஆம்ப் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். போர் தண்ணின்னா மாசம் ஒருமுறை உப்புக் கறைக்கு டிரம் கிளீன். ரெண்டு கூடை: சாயம் போறது ஒண்ணு, மத்தது ஒண்ணு. கூடை சரியா ஒரு லோடு பிடிக்கற சைஸ்ல இருக்கட்டும். நிறைஞ்சா மெஷினைப் போடணும்னு அர்த்தம். டொயோட்டா ஃபேக்டரில கான்பான்னு அட்டை வச்சு செஞ்சதை நாம கூடை வச்சு செய்யறோம். பெரிய கூடை வாங்காதீங்க, அது அழுக்கை ஒளிச்சு வைக்கத்தான் உதவும்.

இவ்வளவு ஒழுங்கு பண்ணியும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கு. நிறைஞ்ச கூடையைப் பார்த்து எழுந்து போறது யாரு?

2019-ல மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தாங்க. வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு அப்போ செலவழிச்சது ஒரு நாளைக்கு சராசரி 299 நிமிஷம். ஆண்கள் 97. அதுலயும் கவனிங்க, அந்த 97 வீட்டு வேலை செய்யற ஆண்களோட சராசரி மட்டும்தான். செய்யாதவங்க அந்தக் கணக்குலயே வரல.

எங்க வீட்லயும் முழு சிஸ்டமும் அம்மா தலைக்குள்ளதான் இருந்துச்சு. எந்தப் புடவை மெஷினுக்கு வராது, எந்தச் சுடிதார் சாயம் போகும், அயர்ன்காரர்கிட்ட எத்தனை உருப்படி போயிருக்கு, எல்லாம். ஆபீஸ்ல ஒரு முக்கியமான சர்வரோட விவரம் ஒரே ஆளுக்குத்தான் தெரியும்னா மேனேஜருக்குத் தூக்கம் வராது. வீட்ல அதே நிலைமையை 'அம்மா பார்த்துப்பாங்க'ன்னு நிம்மதியா விட்டுடறோம். அவங்க பெரியம்மா வீட்டுக்கு நாலு நாள் போகணும்னா, போறதுக்கு முன்னாடி ஒரு நாள், வந்த பிறகு ஒரு நாள் துணிக்கே சரியா இருந்துச்சு.

அதனால அம்மா சொல்லச் சொல்ல தங்கச்சி ஒரு ஏ4 பேப்பர்ல எழுதினா. எந்தத் துணிக்கு எந்த பட்டன், எத்தனை மூடி லிக்விட், எது கையில அலசறது. மெஷினுக்கு மேல ஒட்டியாச்சு. கிழமை வச்சு ஆளும் போட்டாச்சு. வியாழக்கிழமை அப்பாவோடது. முதல் வாரம் மெஷின் முன்னாடி நின்னு அந்தப் பேப்பரை பேங்க் ஃபாரம் மாதிரி ரெண்டு தடவை படிச்சார். மூணாவது வாரம் பேனா எடுத்து அடியில ஒரு வரி சேர்த்துட்டார்: 'பாக்கெட்டைப் பார்க்கவும். பத்து ரூபாய் எடுத்தேன், தர மாட்டேன்.'

ஓகே மக்களே, உங்க வீட்டுக் கொடியை ஒரு டேப் வச்சு அளந்து எத்தனை அடின்னு அனுப்புங்க, வீட்ல எத்தனை பேர்ன்னும் சேர்த்து. அடுத்த எபிசோட்ல ஃபிரிட்ஜைத் திறக்கலாம்.