எந்த மெழுகு என்று சொல்லுங்கள்



1927-இல் இரவீந்திரநாத் தாகூர் ஜாவாவுக்குப் போனபோது ஓவியர் சுரேந்திரநாத் கரும் உடன் சென்றார். அந்தப் பயணத்துக்குப் பிறகு, துணியில் மெழுகால் எழுதிச் சாயம் ஏற்றும் பாத்திக் சாந்திநிகேதனில் வேரூன்றியது. அங்கிருந்து இந்த நகரத்துப் புடவைக் கடைகளுக்கு வந்தது. கொல்கத்தாவில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக்கருப்பூரில் செய்த சேலைகளில், ஜம்தானி முறையில் சரிகையை ஊடே வைத்து நெய்து, பிறகு மெழுகால் எழுதிச் சாயம் ஏற்றினார்கள். வங்காளம் கொண்டாடும் நெசவும் காவிரிக் கரையின் மெழுகும் ஒரே சேலையில் கூடியிருந்தன.

நான் பேச வந்தது அந்த மெழுகைப் பற்றி.

மாணவனாக இருந்தபோது ஒரு பழைய குறிப்பேட்டைப் பார்த்து, தேன்மெழுகும் பாரஃபினும் பாதிக்குப் பாதி கலந்து பட்டில் எழுதினேன். கோடு கத்தியால் கீறியதுபோல் நின்றது. மறு ஆண்டு அதே அளவு, அதே பட்டு, அதே சாயம். ஆனால் கோட்டுக்குள் சாயம் புகுந்துவிட்டது. மாறியது ஒன்றுதான், தேன்மெழுகு வேறு இடத்தில் வாங்கியது. குறிப்பேட்டில் ‘தேன்மெழுகு’ என்று மட்டுமே இருந்தது. எந்தத் தேனீயின் மெழுகு, எப்படி உருக்கி வடித்தது என்று ஒரு சொல் இல்லை. இன்று நம் கட்டுரைகளும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. அது எனக்குக் கவலை தருகிறது.

பெட்டிகளில் வளர்க்கும் இத்தாலியத் தேனீயின் மெழுகும், சுந்தரவனத்தில் தேன் எடுப்போரான மௌவாலிகள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் மலைத்தேனீயின் மெழுகும் உருகுவது ஏறக்குறைய ஒரே சூட்டில்தான், 62 பாகை செல்சியசை ஒட்டி. ஆனால் முதலாவதன் அமில மதிப்பு 17 முதல் 24 வரை. மலைத்தேனீ மெழுகில் அது பெரும்பாலும் 10-ஐத் தாண்டாது. நாஃப்தால் சாயத்துக்குக் காரம் வேண்டும். காரம் பட்டால் மெழுகிலுள்ள அமிலம் சோப்பாக மாறத் தொடங்கும். அப்படியானால் தொட்டியில் எந்த மெழுகின் விளிம்பு முதலில் தளரும், கொதிநீரில் எது எளிதாகக் கழலும்? அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்க வேண்டியவர்கள் நாம்.

பாரஃபினைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், நொறுங்கும். அந்த நொறுங்கலில்தான் சாயம் நரம்பு நரம்பாக இறங்கி, நம் ஊரில் பாத்திக் என்றாலே கண்ணில் நிற்கும் விரிசல் கோலம் பிறக்கிறது. நுண்ணிய ஜாவா வேலையிலோ அதே விரிசல் குறையாகக் கருதப்படும். அதனால் அங்கே கோடெழுத ஒரு கலவை, பரப்பை மூட இன்னொரு கலவை. இரண்டாவது கூடுதல் ஒட்டும் தன்மை உள்ளது. ஒட்டுவதற்கு ரோசினும் குங்கிலியமும், இளக்கத்துக்குக் கொழுப்பும் சேர்ப்பார்கள். நாமோ இந்தப் பக்குவத்தையெல்லாம் விட்டுவிட்டு, ‘பாதிக்குப் பாதி’ என்ற ஒரே சூத்திரத்தைப் பட்டுக்கும் பருத்திக்கும், சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கிறோம். மே மாதக் கொல்கத்தாவில் பாரஃபின் உருகாவிட்டாலும் இளகும். கசக்கினால் உடையாமல் மடங்கும். இது பட்டறையில் உட்காரும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். கட்டுரைகளில்தான் காணோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு நாளும் மேடையேறும் ஒவ்வொருவரும் மெழுகின் பிறப்பிடம், எழுதும்போது இருந்த சூடு, அன்றைய அறையின் வெப்பம், சாயத்தொட்டியின் காரம் ஆகிய நான்கையும் சொல்லிவிட்டு முடிவைச் சொல்லுங்கள். ‘தேன்மெழுகே சிறந்தது’ என்று யாராவது முடித்தால், எந்தத் துணிக்கு, எந்தச் சாயத்துக்கு என்று அவையிலிருந்து கேளுங்கள். கேட்பவரை நான் தடுக்க மாட்டேன்.

வாசல் மேசையில் மூன்று துண்டுகள் வைத்திருக்கிறோம்: சுந்தரவனத்து மெழுகு, பெட்டித் தேனீ மெழுகு, அசாமின் டிக்பாய் ஆலைப் பாரஃபின். தேநீர் வேளையில் நகத்தால் கீறி, உடைத்து, முகர்ந்து பாருங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.