பேனா கண்ட பெரிய பகா எண்

இரண்டை 127 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்க எண் ஒன்று வரும். அது பகா எண் என்று 1876-இல் அறிவித்தவர் பிரான்சின் கணிதவியலாளர் எதுவார் லூக்காஸ். கணினி கிடையாது; எல்லாம் கைக்கணக்கு. முக்கால் நூற்றாண்டு, 1951 வரை, அதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தால் அவருக்கு ஆயுள் போதாது. அவர் கண்ட வழியே வேறு. அதைக் கணிதவியலாளர் டெரிக் லேமர் பிற்பாடு எளிமையாக்கினார். சின்ன எண்ணில் பார்ப்போமே: 31. இது இரண்டை ஐந்து முறை எழுதிப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. நான்கில் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தால் 14. மறுபடி அதையே செய்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. ஐந்துக்கு மூன்று படி; 127-க்கு 125 படிதான். ஒரு காரணியைக்கூடத் தேடாமல் தீர்ப்புச் சொல்லிவிடலாம். எனக்கு இது கணிதத்தின் பேரழகுகளில் ஒன்று.



2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, இதே வகைப் பகா எண் ஒன்றுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதை உறுதிசெய்யக் கணினிகள் போட்டதும் இதே கணக்குதான்.