வால்வைத் தொடாத நேரம்

(காகித எந்திரக் கட்டுப்பாட்டுக் கருத்தரங்கு, சூலியா தெரு, பினாங்கு: தலைமை உரை)



காகித எந்திரத்தைப் பற்றிப் பேச ஒரு தொழிற்பேட்டை கிடைக்கவில்லையா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். இந்தத் தெருவுக்கும் தாளுக்கும் பழைய உறவு உண்டு. இங்கே நாகூர் தர்கா நிற்கிறது. அந்த நாகூரிலிருந்து வந்த குலாம் காதிறு நாவலர் 1883-இல் இதே பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழை நடத்தினார். நல்ல அச்சகக்காரர் இன்றும் தாளை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தே கனம் சொல்லிவிடுவார். அந்த விரல்களின் வேலையை எடுத்துக்கொண்ட கருவியைப் பற்றியும், அது சொல்வதைக் கேட்டு வால்வைத் திருப்பும் கணினியைப் பற்றியும்தான் இந்த அரங்கு.

பத்திரிகைக்காரர் காகிதத்தை டன் கணக்கில் வாங்குகிறார், சதுர மீட்டர் கணக்கில் அச்சடிக்கிறார். 45 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 45 கிராம்) தாள் ஒரு டன்னுக்கு 22,222 சதுர மீட்டர் வரும். அதுவே 46 ஜிஎஸ்எம் ஆனால் 21,739. ஒரு கிராமில் ஏறத்தாழ 480 சதுர மீட்டர் போயிற்று. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஆலை, எந்த இடத்திலும் எடை குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் சராசரியையே ஏற்றிவைத்து ஓட்டும். ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் சராசரியையும் இறக்கலாம். கூழும் மிச்சம், உலர்த்தும் நீராவியும் மிச்சம். கருவிக்குப் போட்ட பணம் திரும்பி வரும் வழி இதுதான்.

ஆனால் அந்தக் கருவி எவ்வளவு பார்க்கிறது? ஸ்கேனர் என்ற அந்தக் கருவியின், தாளின் குறுக்கே நகரும் தலையில் பெரும்பாலும் கிரிப்டான்-85 இருக்கும். அது விடும் பீட்டா கதிர் தாளைக் கடக்கும்போது எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து எடையைச் சொல்கிறோம். அந்த எடையில் ஈரமும் அடக்கம்; ஈரமானி சொல்வதைக் கழித்தால்தான் உலர் எடை. தலை ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்ச் சேர அரை நிமிடம் ஆகிறதென்று வையுங்கள். நிமிடத்துக்கு 1,000 மீட்டர் ஓடும் எந்திரத்தில் அதற்குள் 500 மீட்டர் தாள் போய்விடும். ஆறு மீட்டர் அகலமென்றால் 3,000 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலச் சாய்கோடாகத் தலை பார்த்தது ஐந்து சதுர மீட்டர், அதாவது அறுநூறில் ஒரு பங்கு. சூலியா தெருவை ஒருமுறை குறுக்கே கடந்துவிட்டு, இன்று தெருவில் நடந்தவர் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்வதைப் போன்றது இது. அந்தச் சாய்கோட்டில் தெரியும் ஒரு மேடு, தாள் ஓடும் திசையில் நேர்ந்த தடுமாற்றமா, அகலத்தில் நிலையாக இருக்கும் குறையா என்று ஒரே ஓட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அதை நம்பி வால்வைத் திருப்புகிறோம்.

1960-களில் சுவீடனின் பில்லெருட் நிறுவனம் தன் ஆலையில் ஐபிஎம் கணினியை அமர்த்தியது. அந்த வேலையில் ஈடுபட்டவர் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம். 1967-இல் அவர் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையின் ஆதாரநூல் என்றே சொல்வேன். அதன் கருத்து எளிமையானது. கூழின் வரத்தை முறைப்படுத்தும் ஸ்டாக் வால்வைத் திருப்பினால் அதன் பலன் ஸ்கேனருக்கு வந்துசேரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் புதிதாக நேரும் தடுமாற்றத்தை எந்தக் கணினியும் தடுக்க முடியாது. தாமதம் முடியும் நேரத்தில் எடை எங்கே இருக்கும் என்று முன்கணித்து, கணிக்க முடிந்த பகுதியை மட்டும் நீக்க வேண்டும்; மிச்சத்தை விட்டுவிட வேண்டும். விடாமல் துரத்தினால் எடை இன்னும் அதிகமாக ஆடும்.

கட்டுப்பாடு அந்த எல்லையைத் தொட்டுவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பதும் எளிது. இப்போதைய பிழைக்கும், தாமதத்தைக் காட்டிலும் முந்திய நேரத்துப் பிழைக்கும் தொடர்பு தெரிந்தால் கட்டுப்பாட்டில் வேலை பாக்கி இருக்கிறது. தொடர்பு இல்லையென்றால் கையை எடுத்துவிடலாம். எந்திரத்தை நிறுத்தாமல், அன்றாடப் பதிவை வைத்தே இதை ஓர் அளவுகோலாக்கலாம் என்று 1989-இல் ஆய்வாளர் ஹாரிஸ் காட்டினார். இத்தனைக்குப் பிறகும், நான் பார்த்த ஆலைகள் பலவற்றில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் இல்லை.

இதுவரை சொன்னது நீளவாட்டு; அகலவாட்டுச் சங்கதி இன்னும் சிக்கல். கூழைப் பாய்ச்சும் ஹெட்பாக்ஸின் உதட்டை ஓரிடத்தில் ஸ்குரூவால் அழுத்தினால் கூழ் பக்கத்து இடங்களுக்கு விலகிப் போகும். பக்கத்து ஸ்குரூ அதைச் சரிசெய்யப் போனால் முதல் ஸ்குரூ மறுபடி இறங்கும். ஒன்று ஏற, அடுத்தது இறங்க, திரையில் கோடு நேராகத் தெரிந்தாலும் உதடு பல் வரிசையாக வளைந்து கிடக்கும். உதட்டை வளைக்காமல் அந்தந்த இடத்தில், கூழிலிருந்து வடிந்த வெண்ணீரைக் கலந்து கூழை நீர்ப்பிக்கும் ஹெட்பாக்ஸ் 1990-களில் பரவியபின் இந்தத் தொல்லை குறைந்தது, தீரவில்லை. உலரும்போது தாளின் ஓரங்கள் நடுவைவிட அதிகம் சுருங்குவதால், எந்த ஸ்குரூ ஸ்கேனரின் எந்த இடத்துக்கு நேர் என்ற கணக்கே பிசகுகிறது. பிசகிய கணக்கில் ஓடும் தானியங்கி, இல்லாத அலையைத் தானே உண்டாக்கும். அதற்கு ஆபரேட்டர் கையால் ஓட்டுவதே மேல்.

கணக்கு கூழையும் பொறுத்தது. சுவீடனில் நீண்ட நாருள்ள ஊசியிலை மரம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் தாள் செய்யும் டிஎன்பிஎல் ஆலைக்கு முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சக்கையின் நார் குட்டை. நீக்கியது போக ஒட்டியிருக்கும் தண்டுச் சோறு, வயர் எனும் சல்லடையில் நீர் வடிவதைத் தாமதப்படுத்தும். அறுவடைப் பருவத்தில் வந்ததைக் குவித்துவைத்து ஆண்டு முழுவதும் எடுப்பதால் கூழின் குணமும் மாதத்துக்கு மாதம் மாறும். நாளை இங்கே செம்பனையின் வெற்றுக் குலையிலிருந்து பெருமளவில் தாள் செய்தால் அந்தக் கூழும் தன் குணத்தைக் காட்டும். வேறு நாட்டு மரக்கூழுக்கு ஒருமுறை போட்ட எண்களை இங்கே அப்படியே வைத்துக்கொண்டு, எந்திரம் சொன்னபடி கேட்கவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. இந்தக் கூழ்களுக்கான கணக்கை நாம்தான் போட வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் காகிதத் தொழில்நுட்பம் பாடமாக இருக்கும் இந்தத் தீவு அதற்குத் தோதான இடம்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். திரையில் தெரியும் வழவழப்பான கோட்டை இங்கே கொண்டுவராதீர்கள். அது பல ஓட்டங்களின் சராசரி. சராசரி எடுக்காத பதிவைக் காட்டுங்கள். கட்டுப்பாட்டை அணைத்துவைத்து ஓட்டிய நேரத்துப் பதிவையும் பக்கத்தில் வையுங்கள். நீளவாட்டு மாற்றம், அகலவாட்டு மாற்றம், இரண்டிலும் சேராத மிச்சம் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். தானியங்கியால் எடை மோசமான ஆலைகளின் கதையும் இந்த மேடையில் வேண்டும். அவற்றுக்கு நேரம் கூடுதலாகத் தரும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.