முதலில் செயல், பிறகு பட்டியல்



ஓர் அம்மையாரின் பெயரில் இந்த அறக்கட்டளை நடத்தும் சொற்பொழிவு தொடக்கப்பள்ளியைப் பற்றியே அமைய வேண்டும் என்பது விதி. நல்ல விதி. கல்வியைப் பற்றி மேடையேறுகிற எங்களைப் போன்றவர்கள் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் மீத்திறன் மாணவர்களுக்கென நடக்கும் வகுப்புகளும், செறிவூட்டல் என்ற பெயரில் அங்கே குழந்தைகள் செய்யும் வேலைகளும். ஏன் அமெரிக்கா என்று கேட்கலாம். அங்கேதான் இந்த முயற்சி நூறாண்டுகளாக, பெரும் பணம் செலவழித்து, கோணலாகப் போனதையும் மறைக்காமல் எழுதிவைத்து நடந்திருக்கிறது. அவர்கள் செலவில் நாம் படித்துக்கொள்ளலாம்.

1921இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன், நுண்ணறிவு ஈவு மிகுந்த குழந்தைகளைக் கலிஃபோர்னியாவில் தேடத் தொடங்கினார். எல்லாக் குழந்தைகளையும் அவர் சோதிக்கவில்லை. பெரும்பாலும் ஆசிரியர்கள் கெட்டிக்காரர் என்று சுட்டிக்காட்டியவர்களுக்கே சோதனை. ஏறத்தாழ 1,500 பேர் சேர்ந்தார்கள். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பின்தொடர்ந்து ஆய்வு நடந்தது. பெரும்பாலோர் நன்றாகப் படித்தார்கள், நல்ல வேலைக்குப் போனார்கள், உடல்நலத்தோடும் இருந்தார்கள். அறிவாளிப் பிள்ளை என்றால் நோஞ்சானாகத்தான் இருக்கும் என்ற கேலியை அந்த ஆய்வு உடைத்தது. அதற்காக டெர்மனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு, போதாது என்று அவர் ஒதுக்கிய சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஷாக்லி 1956இலும் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வான 1,500 பேரில் ஒருவருக்கும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நுண்ணறிவுச் சோதனையில் தள்ளப்பட்ட அதே ஷாக்லி, பிற்காலத்தில் அந்தச் சோதனையின் எண்களை வைத்துக்கொண்டே மனித இனங்களைத் தரம் பிரிக்கக் கிளம்பி, பெயரைக் கெடுத்துக்கொண்டார்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறியது. மறு ஆண்டே கல்விக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. மீத்திறன் வகுப்புகளுக்குப் பணம் வரத் தொடங்கியது. அந்த வரலாறு முழுவதும் நமக்கு வேண்டாம். வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்பதுதான் நமக்குத் தேவை.

பல பள்ளிகளில் வழக்கம் இது: தேர்வான பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வாரத்தில் ஒருநாளோ, சில மணி நேரமோ தங்கள் வகுப்பைவிட்டு எழுந்து தனி அறைக்குப் போவார்கள். அங்கே டேன்கிராம் துண்டுகளைப் பொருத்துவார்கள். ஐந்து வீடு, ஐந்து நிறம், ஐந்து வளர்ப்பு மிருகம் என்று கட்டம்போட்டு விடுவிக்கும் தருக்கப் புதிர் போடுவார்கள். வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகளால் பாலம் கட்டுவார்கள். வைக்கோலும் பஞ்சும் சுற்றிய முட்டையை மாடியிலிருந்து போட்டு, உடையாமல் தப்புகிறதா என்று பார்ப்பார்கள். மற்ற குழந்தைகள் வகுப்பிலேயே உட்கார்ந்து பெருக்கல் பயிற்சித்தாளை நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

இந்த முட்டை விஷயத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. முட்டையை மாடியிலிருந்து போட்டுப் பார்க்க எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை இருக்காது? அதற்கு எதற்கு நுண்ணறிவு ஈவு 130? இந்தக் கேள்வியை என்னைவிடக் கூர்மையாகக் கேட்டவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஹாரி பாஸோ. மீத்திறன் வகுப்புச் செயல்பாடு ஒவ்வொன்றிடமும் அவர் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். எல்லாக் குழந்தைகளும் இதைச் செய்ய விரும்புவார்களா? எல்லாராலும் செய்ய முடியுமா? எல்லாரும் இதில் வெல்ல வேண்டுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், அதைச் சிலருக்கு மட்டும் வைத்திருப்பதற்கு நியாயமே இல்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். அமெரிக்க மீத்திறன் அறைகளில் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்தச் சோதனையில் தேறாது.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுல்லி இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி காட்டினார். 1977இல் அவர் வெளியிட்ட செறிவூட்டல் முறை மூன்று வகைச் செயல்பாடுகளைக் கொண்டது. முதல் வகை, பாடத்திட்டத்தில் இல்லாத துறைகளை அறிமுகம் செய்வது: ஒரு வானியலாளர் வந்து பேசுவார், பொம்மலாட்டக்காரர் வருவார், பழைய வரைபடங்களைப் பரப்பிவைத்துக் காட்டுவார்கள். இரண்டாம் வகை, முறை பழகுவது: கேள்வித்தாள் தயாரிப்பது, பேட்டி எடுப்பது, அளந்து குறிப்பது, ஆதாரம் தேடுவது. இவை இரண்டும் பள்ளியின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றவை என்றார் ரென்சுல்லி. மூன்றாம் வகைதான் வேறு. அங்கே குழந்தை தானே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அத்துறையில் வேலை செய்யும் பெரியவர் போலவே ஆராய்ந்து, முடிவை அதைக் கேட்க வேண்டியவர்கள் முன் வைக்கிறது.

மூன்றாம் வகை எப்படி இருக்கும்? நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளி உணவகத்தில் பிள்ளைகள் திறக்காமலேயே குப்பையில் போடும் பால் பெட்டிகளைக் கவனிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் எண்ணுகிறாள். எந்த வகுப்பு, எந்தக் கிழமை, சாக்லெட் பாலா வெறும் பாலா என்று அட்டவணை போடுகிறாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கக் கேள்வித்தாள் ஒன்று எழுதுகிறாள். முதல் கேள்வித்தாள் உருப்படாமல் போகிறது, ஏனென்றால் எல்லாரும் ‘பிடிக்கவில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். திருத்தி எழுதுகிறாள். கடைசியில் வரைபடங்களோடு உணவகப் பொறுப்பாளரையும் பள்ளி நிர்வாகக் குழுவையும் சந்திக்கிறாள். அவளுக்கு இதில் மதிப்பெண் கிடையாது. அவள் அறிக்கையைப் படிக்கிறவர் ஆசிரியர் மட்டுமில்லை என்பதுதான் இங்கே பாடம். பாஸோவின் கேள்விகளை இப்போது கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்று எண்ண எல்லாரும் விரும்பமாட்டார்கள். விரும்பாததில் தப்பும் இல்லை.

1978இல் ரென்சுல்லி இன்னொன்றும் சொன்னார். சராசரிக்கு மேற்பட்ட திறமை, எடுத்த வேலையை விடாத பிடிவாதம், புதிதாக யோசிக்கும் துணிச்சல் என்ற மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார். திறமைக்கு அவர் கேட்டது சராசரிக்கு மேல் என்ற அளவே. உச்சியை அவர் கேட்கவில்லை. ஆகவே பள்ளியில் 15 முதல் 20 விழுக்காடு வரையிலான குழந்தைகளைப் பரந்த குழுவாக வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது ஒரு பிரச்சினை பற்றிக்கொள்கிறதோ அவர்கள் மூன்றாம் வகை வேலைக்குள் வருவதும், முடித்ததும் வெளியே போவதுமாக இருக்கட்டும் என்றார். சிறுவயதில் நுண்ணறிவுச் சோதனையில் வாங்கிய ஓர் எண்ணை ஆயுள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

இது வகுப்பில் எப்படி நடக்கும் என்று ஒரே ஒரு செயல்பாட்டை எடுத்து நிதானமாகக் காட்ட விரும்புகிறேன். ஆணிப்பலகை என்று ஒன்று உண்டு. கணிதக் கல்வியாளர் காலெப் கத்தேன்யோ 1950களில் பரப்பியது. மரப்பலகையில் வரிசைக்கு ஐந்தாக 25 ஆணிகள். மேலே மாட்ட ரப்பர் பேண்டுகள். அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து நான்கு ஆணிகளைச் சுற்றினால் வரும் சதுரத்தின் பரப்பு 1. உள்ளே ஆணி எதுவும் அகப்படாமல் உருவங்கள் செய்து, பரப்பைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிவிட வேண்டும்.

முக்கோணம் வரும்; ரப்பர் மூன்று ஆணிகளைத் தொடும்; பரப்பு அரை. நான்கு ஆணியைத் தொட்டால் 1. ஐந்து தொட்டால் ஒன்றரை. சாய்ந்த பக்கம் வரும்போது திணறுவார்கள். வெளியே ஒரு செவ்வகம் போட்டு, வேண்டாத மூலைகளைக் கழித்துப் பார்க்கும் பிள்ளை எங்காவது ஒரு மேசையில் இருக்கும். ஆசிரியர் அந்த வழியைச் சொல்லிக் கொடுக்காமல் காத்திருந்தால் அது யார் என்று தெரியும். சற்று நேரத்தில், ரப்பர் தொடும் ஆணி ஒன்று கூடினால் பரப்பு அரை கூடுகிறது என்று யாராவது கத்துவார்கள். இனி உள்ளே ஓர் ஆணி அகப்படட்டும் என்று விட்டால், உள்ளே சிக்கும் ஒவ்வோர் ஆணிக்கும் பரப்பு ஒன்று கூடும். தொடும் ஆணிகளில் பாதி, அதோடு உள்ளே உள்ள ஆணிகள், அதில் ஒன்றைக் கழி: விடை வந்துவிடும். இது 1899இல் கியோர்க் பிக் என்ற கணிதர் வெளியிட்ட தேற்றம். பிராகில் பேராசிரியராக இருந்த யூதர். நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் 1942இல் இறந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை அவர் பெயரே தெரியாமல் அவர் தேற்றத்தைத் தொட்டுவிடுகிறது. அப்புறம் ஒரு பிள்ளை கேட்கும்: நடுவில் ஓட்டை இருந்தால்? கணக்கு பிசகும், ஓட்டை ஒன்றுக்கு ஒன்று கூட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள் ஆகலாம். ஆகட்டும்.

வாய்ப்பாடே சரியாக வராத குழந்தையும் இந்தப் பலகையில் முதல் முக்கோணத்தை மாட்டும். வேகமான குழந்தைக்கும் இங்கே வேலை தீராது. தனி அறை தேவைப்படவில்லை. ஒரு மணி நேரம் குறிப்பேட்டோடு சுற்றிவந்த ஆசிரியருக்கு, எந்தப் பிள்ளைக்கு இதற்கு மேல் வேண்டும் என்று எந்தச் சோதனைத்தாளையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும். பலகை வாங்கப் பணமில்லை என்றால் புள்ளித்தாள் போதும். கோலப்புள்ளி வைக்கத் தெரிந்த ஊரில் அதற்குப் பஞ்சம் வராது.

சரி, ஏற்கெனவே பாடம் தெரிந்த குழந்தைக்கு என்ன செய்வது? நம் வகுப்புகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். “முடிச்சிட்டியா? இன்னும் பத்துக் கணக்கு போடு.” விரைந்து முடித்ததற்குக் கூடுதல் வேலைதான் கூலி என்று தெரிந்ததும் பிள்ளை மெதுவாகப் போடப் பழகிவிடுகிறது. ரென்சுல்லியும் அவருடன் பணியாற்றிய சாலி ரைஸும் பாடத்தைச் சுருக்கும் முறையை முன்வைத்தார்கள். பாடம் தொடங்கும் முன்பே ஒரு முன்தேர்வு. தெரிந்த பகுதியைத் தாண்ட விடுவது. மிச்சமாகும் நேரத்தை மூன்றாம் வகை வேலைக்குக் கொடுப்பது. 1993இல் ரைஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், திறமை மிகுந்த மாணவர்களுக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 விழுக்காடு வரை ஆசிரியர்களால் நீக்க முடிந்தது, மதிப்பெண் குறையவில்லை. அந்தப் பாடங்களில் ஏறக்குறையப் பாதி நேரம் அந்தக் குழந்தைகள் தெரிந்ததையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம்.

இனி, யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவர்டு கவுண்டி, அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று. மாணவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். மீத்திறன் வகுப்பிலோ அவர்களின் பங்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தது. ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் சோதனை என்பது அன்றைய வழக்கம். வசதியுள்ளவர்கள் தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டிச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். 2005இல் மாவட்டம் ஒரு காரியம் செய்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும், சொல் தேவைப்படாத, உருவங்களை மட்டுமே வைத்த ஒரு முதல்நிலைச் சோதனை கொடுத்தது. சேர்க்கைக்கான தகுதியளவை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. ஏழைக் குழந்தைகளும் சிறுபான்மைக் குழந்தைகளும் மடமடவென்று உள்ளே வந்தார்கள். இத்தனை நாளும் அவர்கள் அதே வகுப்புகளில்தான் இருந்தார்கள். யாரும் அவர்களைச் சுட்டிக்காட்டவில்லை. பொருளாதாரச் சரிவில் நிதியை வெட்டியபோது அந்தச் சோதனையும் நின்றது, பழைய ஏற்றத்தாழ்வும் திரும்பிவிட்டது.

இதை ஆராய்ந்தவர்கள் டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள். கார்டு 2021இல் நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் கண்ட இரண்டாவது செய்திதான் என்னை உலுக்கியது. அந்த மாவட்டத்தில் ஒரு பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்பில் மீத்திறன் மாணவர் ஒருவர் இருந்தாலும் தனி வகுப்பு அமைக்க வேண்டியிருந்தது. மிச்ச இருக்கைகளை, நுண்ணறிவு அளவைத் தொடாவிட்டாலும் முந்தைய ஆண்டுத் தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளைகளை வைத்து நிரப்ப வேண்டியிருந்தது. அந்த வகுப்பால் வாசிப்பிலும் கணக்கிலும் பெரிதாக முன்னேறியவர்கள், இருக்கை நிரப்ப வந்த இந்தப் பிள்ளைகள்தாம். அதிலும் கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகள். நுண்ணறிவு ஈவை வைத்து வந்தவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் பதிவாகவில்லை. ஏற்கெனவே உச்சியில் இருக்கிற பிள்ளையின் வளர்ச்சியைச் சாதாரணத் தேர்வு முழுதாகக் காட்டாது என்று யாராவது மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் செய்த வேலையைப் பார்த்துச் சேர்த்த குழந்தைகள் பயன்பெற்றார்கள் என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

சிங்கப்பூரும் இதே முடிவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. 1984இல் மீத்திறன் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள்; பின்னாளில், ஒன்பது வயதில் தேர்வு வைத்து சுமார் 1 விழுக்காட்டினரைப் பொறுக்கி, ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் சேர்த்துக் கற்பித்துவந்தார்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் அந்தத் தேர்வுக்காகப் பட்ட கவலை கொஞ்சமல்ல. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், அந்த வடிவத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் இத்தகைய குழந்தைகளை இனங்கண்டு வளர்க்கும் ஏற்பாடு வரும் என்று அறிவித்தார்.

குழந்தைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்ததுதான் நூறாண்டுப் பிழை. நல்ல வேலையை முதலில் எல்லார் கையிலும் கொடுத்தால், யாருக்கு இன்னும் வேண்டும் என்பதைக் குழந்தைகளே காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்பில் முதலிடம் பெறும் மாணவருக்கு அம்மையார் பெயரில் பரிசு கொடுக்கிறீர்கள். அது தொடரட்டும். அதோடு அடுத்த ஆண்டு ஒரு பகுதிப் பணத்தில் இந்த ஒன்றியத்தின் தொடக்கப்பள்ளிகளுக்கு ஆணிப்பலகைகள் செய்துகொடுங்கள். அவற்றை வைத்து ஒரு பருவம் முழுக்க வேலைசெய்து, தாம் கண்டதை எழுதித்தரும் ஆசிரியர்களின் குறிப்புகளை, இந்தப் பேச்சை அச்சிடுவது போலவே ஒரு சிறு நூலாக அச்சிடுங்கள். எனக்கு முதல் படி அனுப்பிவையுங்கள்.