மனிதரைக் கற்கும் கல்வி
(ஜமாஅத் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளை ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் தம் அத்தாவுடன் நம்மிடம் வந்தார். மானிடவியல் படிக்க விரும்புவதாகச் சொன்னார். "ஹஜ்ரத், இதைப் படித்தால் சோறு கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார் தந்தை. மத்ரஸாவில் ஓதிய நமக்கு அச்சொல்லே புதிது. விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். அவ்வாறு விசாரித்து அறிந்ததையே இங்கு உங்கள் முன் வைக்கிறோம்.

மக்களின் உறவுமுறை, தொழில், சடங்கு, மொழி, உடற்கூறு ஆகியவற்றை அவர்களோடு பழகி ஆராயும் கல்வி இது. நமக்கு அந்நியமானதும் அன்று. அல்பிரூனீ அவர்கள் சமஸ்கிருதம் கற்று, இந்நாட்டாரின் நூல்களையும் வழக்கங்களையும் அறிந்து, 1030ஆம் ஆண்டு வாக்கில் அரபியில் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. கோவையை அடுத்த நீலகிரிக்கு 1901இல் வந்த ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், தோடர்களிடம் குடும்பம் குடும்பமாக வமிசாவளியைக் கேட்டெழுதி 1906இல் நூலாக்கினார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் லப்பை, மரைக்காயர், மாப்பிள்ளை மக்களைப் பற்றியும் எழுதப்பட்டுள்ளது. மூக்கையும் தலையையும் அளந்து மனிதரை வகைபிரித்த காலம் அது. பிறர் எழுதியதைக் குறைகூறும் நாம், நம்மைப் பற்றி எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம்?

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945இல் தோன்றிய இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டது. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் மானிடவியல் ஒரு விருப்பப்பாடம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இது இளநிலை அறிவியல் பட்டம். ஆதலால் அங்குச் செல்ல எண்ணும் பிள்ளை 11ஆம் வகுப்பிலேயே உயிரியல் உள்ள பிரிவை எடுத்தல் நலம். வேறு பட்டம் முடித்து முதுநிலையில் சேர்வோரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இத்துறை 1945 முதல் இயங்குகிறது.

ஆயினும் முதல் ஆயத்தம் வீட்டிலேயே இருக்கிறது. நம் பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்போரில் ஒருவர் தந்தையை அத்தா என்கிறார். அடுத்தவர் வாப்பா என்கிறார். மற்றவர் உப்பா என்கிறார். யார் எவ்வூரிலிருந்து, எத்தொழிலுக்காக கோவைக்கு வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிப் பழகட்டும். கேட்குமுன் அனுமதி பெறட்டும். சொல்லாதே என்று அவர்கள் தடுத்ததை வெளியிடாதிருக்கட்டும், அது அமானிதம்.

அந்தப் பிள்ளை இப்போது உயிரியல் பிரிவில் படிக்கிறார். தம் நன்னியிடம் அமர்ந்து மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிவிட்டார். நான்காவது தலைமுறை நன்னிக்கு நினைவில்லை. பழைய நிகாஹ் தஃப்தரைப் பார்க்கலாமா என்று சென்ற ஜும்ஆவில் கேட்டார். கரையான் அரித்தவை போக எஞ்சியவற்றில் அவர்கள் குடும்பப் பதிவை மட்டும் எடுத்துக் காட்டினோம். மீதமுள்ள தஃப்தர்களைப் பாதுகாக்க இரும்பு அலமாரி ஒன்று வாங்கித் தருமாறு நிர்வாகத்தினரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.