வடலியும் மரபணுவும்

நுங்கும் பனம்பழமும் தருவது பெண்பனையே. ஆயினும் வடலி பாளை விடும்வரை, பத்தாண்டுகளுக்கு மேலாக, அது ஆணோ பெண்ணோ என யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அறிவதில்லை. மரபணுவைக் கொண்டு இளமையிலேயே அறியலாகாதா?

பனையின் சுற்றமான பேரீச்சையில், ஆண் பெண் வேறுபாட்டுக்குக் காரணமாகலாமென 2018 இல் மூன்று மரபணுக்கள் சுட்டப்பட்டன. பனையில் அவற்றுக்கு நிகரானவற்றைத் தேடுகையில் அமைப்பு ஒற்றுமை மட்டும் போதாது. எவற்றுடன் சேர்ந்து தொழில் புரிகின்றன என்பதையும் நோக்கவேண்டும். புதிதாய்க் குடிவந்தவரை, அவருக்கு யார் வீட்டுடன் போக்குவரத்து என்று பார்த்து ஊரார் அறிவதில்லையா? அவ்வாறே, வலைப்பின்னலில் இரு மரபணுக்களுக்குப் பொதுவான அயல் மிகுந்தால் அவை ஒத்த தொழிலுடையன எனக் கணிக்கலாம். எல்லாவற்றுடனும் தொடர்புள்ள அயல் வலிய சான்றாகாது. சிலவற்றுடன் மட்டும் தொடர்புள்ளதே வலிய சான்று.

கணிப்பு முடிவன்று. பாளை விட்ட மரங்களோடு ஒப்பிட்டுத் தேறிய பின்னரே அது கமக்காரனுக்குப் பயன்படும்.